தெருப் பந்துக்கு பென்ஷன் உண்டா?

(நியூயார்க், ஹார்லம். 155ஆம் தெருவில் ரக்கர் பார்க் கூடைப்பந்து மைதானம். ஒரு பையன் துள்ளித் துள்ளிப் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான். மாமா மின்வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா மகன் கார்த்தியைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருக்கிறார்.)

மாமா: என்ன மாப்ள, பந்தைக் கூடையில போடாம பாண்டி ஆடிக்கிட்டு வர்றான்?

கார்த்தி: இந்தத் துள்ளலுக்குப் பேர் போனவர் ரேஃபர் ஆல்ஸ்டன் மாமா. இதே ஊர், குயின்ஸ் பகுதிக்காரர். பட்டப்பேரு 'ஸ்கிப் டு மை லூ', ஸ்கிப்னா துள்ளு.

மாமா: இத்தனை எட்டு வச்சா விசில் ஊத மாட்டாங்களா?

கார்த்தி: பந்து கையில நின்னாத்தான் எட்டுக் கணக்கு. தட்டிக்கிட்டே இருந்தா எவ்வளவு வேணா துள்ளலாம். உள்ளங்கை மட்டும் பந்துக்கு அடியில போய்த் தாங்கக் கூடாது. தாங்குனா 'கேரி', பந்து எதிராளிக்கு. தாளம் தப்புச்சுன்னா அதைவிடக் கேவலம், நம்ம கால்லயே பட்டு ஓடிரும்.

மாமா: துள்ளி என்ன லாபம்?

கார்த்தி: மறிக்கிறவன் கண்ணு காலுக்குப் போயிரும். எந்தக் காலை ஊனித் திரும்பப் போறார்னு தெரியாம ரெண்டு காலையும் சேர்த்து வச்சு நிப்பான். அப்பப் பார்த்து முழங்காலுக்குக் கீழ பந்தை இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு மாத்துனா முடிஞ்சது.

மாமா: அவன் ரேஷன் கடை வரிசை மாதிரி அங்கேயே நிப்பான்.

(டங்! பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது.)

மாமா: நேராத்தானே எறிஞ்சான்?

கார்த்தி: நேரா எறிஞ்சதுதான் தப்பு. தெரு வளையம் பல இடத்துல ரெட்டைக் கம்பி, கொஞ்சம்கூட அசையாது. உசரத் தூக்கிப் போட்டு மேலருந்து இறக்கணும். பந்தும் ரப்பர்தான் சரி. தோல் பந்தை சிமெண்ட் தரை சீக்கிரமே தேய்ச்சுரும்.

மாமா: அதெல்லாம் கெடக்கட்டும். ஆல்ஸ்டனுக்கு வேலை கெடச்சுச்சா?

கார்த்தி: என்பிஏ-ன்னு இங்க பெரிய கூடைப்பந்து லீக். டீமுங்க புது ஆளுங்களை வரிசையா எடுக்கிற டிராஃப்ட்ல, 1998-ல 39-வது ஆளா மில்வாக்கி டீம் எடுத்தது. தெருவுல ஆடுன வீடியோவை ஆண்ட்1 ஷூ கம்பெனி கேசட்டாப் போட்டு ஊரெல்லாம் பேரு. ஆனா என்பிஏ-வுல முதல் மூணு சீசன் பெரும்பாலும் பெஞ்சுதான்.

மாமா: பேரு இருந்தும் வெயிட்டிங் லிஸ்ட்டா?

கார்த்தி: தெருவுல பந்தை விட்டா கூட்டம் சிரிக்கும், அடுத்த தடவை இன்னும் பெருசாப் பண்ணலாம். அங்க விட்டா கோச் உக்கார வச்சிருவார். துள்ளலைச் சுருட்டி வச்சுட்டு ஒழுங்காப் பாஸ் கொடுத்தப்புறம்தான் காலூன்றினார். 2004-ல டொராண்டோ ஆறு வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு.

மாமா: அப்பாடா, பர்மனெண்ட்!

கார்த்தி: அடுத்த வருஷமே ஹூஸ்டனுக்கு மாத்திட்டாங்க.

மாமா: டிரான்ஸ்ஃபர்! எவன் மேல மனு போட்டான்?

கார்த்தி: ஹூஸ்டன் 2008-ல தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயிச்சப்போ பந்தைக் கொண்டு வந்தவரே இவர்தான். 2009 பிப்ரவரியில ஆர்லாண்டோவுக்கு மாத்துனாங்க. அங்க இதே வேலை பார்த்த ஜமீர் நெல்சனுக்குத் தோள்ல அடி.

மாமா: புரியுது, மெடிக்கல் லீவுக்கு இன்சார்ஜ் போஸ்டிங்.

கார்த்தி: அதேதான். டீமை ஃபைனல் வரைக்கும் கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து நெல்சன் திரும்பி வந்துட்டார்.

மாமா: ஃபைல் பூராம் இவன் பார்ப்பான், கையெழுத்துப் போட அவன் வருவானா! எங்க ஆபீசுலயும் இதே கூத்துதான்.

கார்த்தி: ஃபைனல்னா ஒரே ஆட்டம் இல்ல மாமா, நாலு ஜெயிக்கணும். அப்பவும் மூணாவது ஆட்டத்துல 20 பாயிண்ட் அடிச்சார். ஆர்லாண்டோ ஜெயிச்சது அந்த ஒண்ணுதான். எதிரணி லேக்கர்ஸ் 4-1னு ஜெயிச்சுருச்சு. அதே மாசம் இவரை நியூ ஜெர்சிக்கு மாத்திட்டாங்க.

மாமா: அநியாயம்! சங்கம் எதுவும் கிடையாதா?

கார்த்தி: ஆட்டக்காரர் சங்கம் இருக்கு மாமா. மூணு சீசன் ஆடுனாலே பென்ஷனும் உண்டு.

மாமா: மூணா? நான் முப்பத்து மூணு வருஷம் குப்பை கொட்டுனேன்டா!

(வேட்டியை மடித்துக் கட்டுகிறார்.)

அந்தப் பந்தை இங்கிட்டு உருட்டச் சொல்லு.