ஐமவுத்தில் 189 பேரைக் கொன்றது கடல் மட்டும்தானா?

1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கரையில், இங்கிலாந்து எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிற சின்ன மீன்பிடி ஊர் ஐமவுத். அன்று ஒரே நாளில் அந்தக் கரையோர ஊர்களில் 189 மீனவர்கள் செத்துப்போனார்கள். அதில் 129 பேர் ஐமவுத்காரர்கள். எங்கே படித்தாலும் "பெரும்புயல், இயற்கையின் சீற்றம்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று என்ன நடந்தது? அதற்கு முந்தைய நாட்களெல்லாம் மோசமான வானிலை, கடலுக்குப் போக வழியில்லை. வெள்ளிக்கிழமை காலை கடல் அமைதியாகக் கிடந்தது. துறைமுகத்தில் இருந்த காற்றழுத்தமானி மட்டும் மிகவும் கீழே இறங்கியிருந்தது, அது புயல் வருவதற்கான அறிகுறி. பார்க்காமல் போகவில்லை, பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் ஹேடக் மீனுக்குப் போட்டது, ஒரே கயிற்றில் ஏராளமான கொக்கிகள் தொங்குகிற நீளமான ஆயிரங்கால் தூண்டில். மட்டியை ஓட்டிலிருந்து எடுத்து ஒவ்வொரு கொக்கியிலும் குத்தி, தூண்டில் சிக்காமல் கூடையில் சுற்றி அடுக்கித் தருவது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். ஒரு தூண்டிலுக்கே மணிக்கணக்கில் ஆகும். கடலுக்குப் போகவில்லையென்றால் இரை அழுகும், வீட்டில் அடுப்பும் எரியாது. இப்படி இருக்கிறவர்களைப் பார்த்து "எச்சரிக்கையை மதிக்கவில்லை" என்று குறை சொல்வது அநியாயம்.

நண்பகல் வாக்கில் வானம் இருண்டு, காற்று ஒரே அடியாக அடித்தது. படகுகள் துறைமுகத்தை நோக்கித் திரும்பின. என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. ஐமவுத் முகத்துவாரம் குறுகல். வாயிலிலேயே ஹர்கர் என்ற பாறைக்கூட்டம். புயலில் அந்த இடுக்கு வழியாக நுழைவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். ஆழ்கடலில் தப்பித்த படகுகள் வீட்டு வாசலில் வந்து உடைந்தன. கரையில் நின்ற மனைவிமார், பிள்ளைகள், அம்மாக்கள் கண்முன்னே ஆட்கள் மூழ்கினார்கள். கைக்கெட்டும் தூரம், கயிறு வீசியும் பிடிக்க முடியவில்லை. கரைக்கு ஓடிவராமல் கடலிலேயே புயலோடு மல்லுக்கு நின்ற 'ஏரியல் கெசல்' என்ற படகு ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு திரும்பி வந்தது. நடுக்கடலிலும் படகுகள் போயின, உண்மைதான். ஆனாலும் தன் ஊர்த் துறைமுகமே மீனவனுக்கு எமனாக நிற்கிற நிலைமை எப்படி வந்தது?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஐமவுத்தில் கரையேறும் மீனில் பத்தில் ஒரு பங்கு சர்ச்சுக்குச் சேர வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. மீன் தசமபாகம். நிலத்தில் விளைவதற்குக் கேட்டதைக் கடலில் பிடிப்பதற்கும் கேட்டார்கள். வில்லி ஸ்பியர்ஸ் என்ற மீனவர் தலைமையில் ஊரே எதிர்த்து நின்றது, கலவரம் வரை போனது. கடைசியில் 1860-களில் ஒரு சமரசம்: 2,000 பவுண்டு கொடுத்து அந்த உரிமையை மீனவர்களே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்! தாங்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த மீன் தங்களுக்கே சொந்தமாக, அவர்களே பணம் கட்டினார்கள். அந்தத் தொகையைக் கட்டி முடிக்க 1870-களின் பிற்பகுதி ஆகிவிட்டது. இதற்கிடையில் படகுகள் பெரிதாகிக்கொண்டே போயின, துறைமுகம் அப்படியே கிடந்தது. துறைமுகத்துக்குப் போயிருக்க வேண்டிய காசு எங்கே போனது என்று இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊரில் பணமே புழங்கவில்லை என்றும் யாரும் நினைக்க வேண்டாம். துறைமுகத்துக்கு எதிரிலேயே 1753-இல் கட்டிய கன்ஸ்கிரீன் ஹவுஸ் என்ற மாளிகை இன்றும் நிற்கிறது. கட்டியவர் ஜான் நிஸ்பெட் என்ற கடத்தல் வியாபாரி. தேயிலைக்குக் கடுமையான வரி போட்ட காலம் அது. சுவருக்குள்ளேயே தேயிலையை ஒளித்துவைக்க இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்.

சாவுக்குப் பிறகு நாடு முழுக்க வசூல் நடந்து 54,000 பவுண்டு சேர்ந்தது. விதவைக்கு வாரம் ஐந்து ஷில்லிங், பிள்ளைக்கு இரண்டரை ஷில்லிங் என்று கொடுத்தார்கள். கொடுத்த சாமானிய மக்களை மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் துறைமுகத்தை விரிவாக்கும் வேலை நடந்தது 1881-க்குப் பிறகுதான். அத்தனை பேர் செத்த பிறகு.

2016-இல் ஐமவுத் கடலோரத்தில் ஜில் வாட்சன் என்ற சிற்பியின் வெண்கலச் சிற்பம் ஒன்றை வைத்தார்கள். செத்தவர்கள் அதில் இல்லை, கரையில் நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊரின் 78 விதவைகள், 182 பிள்ளைகள். சின்னச் சின்ன உருவங்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி. நான் பார்த்த நினைவுச் சின்னங்களின் படங்களில் இவ்வளவு நேர்மையானது வேறில்லை. எனக்கு ஒரே ஒரு ஆசை: பக்கத்தில் ஒரு பலகை வைத்து, அந்த 2,000 பவுண்டு கணக்கையும் அதில் எழுத வேண்டும். யாருக்குக் கட்டினார்கள், எத்தனை வருஷம் கட்டினார்கள், துறைமுகம் எந்த வருஷம் சரியானது என்று, தேதியோடு.