லண்டன் சீட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விவகாரம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காதவர்கள் இனி இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. எனக்கே ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் மூன்று பேர் "டீச்சர், இது நீங்கதானே?" என்று சிரிப்புக் குறியோடு. ஆமாம், நான்தான். அம்மா பேத்திக்காகக் கொடுத்த காசில் அக்கா இங்கிலாந்தில் வாங்கிய பிரீமியம் பொண்ட் என்ற அரசாங்கச் சேமிப்புப் பத்திரம்தான் எங்கள் வீட்டு லண்டன் சீட்டு. அதைப் பற்றிப் போன மாதம் நான் எழுதிய பதிவைத்தான், இலங்கை மலையகத்தில், ஹட்டனில் நடந்த ஒரு நிதி வகுப்பில் பெரிய திரையில் போட்டு, படித்தவர்களே இப்படியென்றால் மற்றவர்கள் எப்படி என்று மண்டபமே சிரிக்க விளக்கியிருக்கிறார் வகுப்பெடுத்த தம்பி. என் பெயரை மறைத்திருந்தாராம். நன்றி. பள்ளிக்கூடத்தின் பெயரை மறைக்க மட்டும் மறந்துவிட்டார்.

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். இன்றைக்குக் காலையில் தரம் எட்டுப் பிள்ளை ஒன்று எழும்பி, "டீச்சர், உங்களுக்கு வட்டிக் கணக்கு தெரியாதாமே?" என்று கேட்டது. நான் கணிதம் படிப்பிக்கிறவள். இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். சரி, இனி எழுதத்தான் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு போகவில்லை. போட்ட முதல் அப்படியே இருக்கிறது. லொத்தர் டிக்கெட் வாங்கினால் சாயங்காலம் கையில் கடதாசி மட்டும்தான் மிஞ்சும். பிரீமியம் பொண்ட் அப்படி இல்லை. ஒரு பவுண் போட்டால் ஒரு எண். அந்த எண் மாதா மாதம் குலுக்கலுக்குப் போகும். விழுந்தால் பரிசு, அதற்கு வரியும் இல்லை. விழாவிட்டால் அடுத்த மாதம் அதே எண் மறுபடியும் போகும். வேண்டாம் என்றால் போட்ட காசைத் திருப்பி எடுக்கலாம். வட்டி என்று எதுவும் தரமாட்டார்கள், எல்லோருக்கும் தர வேண்டிய வட்டியைத்தான் ஒன்றாகச் சேர்த்துப் பரிசாக்குகிறார்கள். வட்டியைப் பணயம் வைக்கிறோம், முதலை அல்ல. இந்த ஒரு வரி தம்பி திரையில் போட்ட படத்தில் இல்லை. "சூது" என்ற சொல் மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது.

சூது என்று சொன்ன முதல் ஆளும் அவர் இல்லை. 1956இல் ஹரால்ட் மக்மில்லன் இங்கிலாந்தின் நிதியமைச்சராக இருந்து வரவுசெலவுத் திட்டத்தில் இதை அறிவித்தபோதே திட்டித் தீர்த்துவிட்டார்கள். எதிர்க்கட்சியிலிருந்த ஹரால்ட் வில்சன் இதை அசிங்கமான குலுக்கல் என்றார். கன்டர்பரி பேராயருக்கும் பிடிக்கவில்லை. அப்புறம் என்ன ஆனது? அதே வில்சன் 1964இல் பிரதமரானார். குலுக்கலை மூடினாரா? இல்லை. இன்றைக்கு இங்கிலாந்தில் 2 கோடிக்கு மேற்பட்டவர்களிடம் இது இருக்கிறது. அங்கே ஒரு தாத்தா பேரனுக்கு வாங்கிக் கொடுத்தால் அது குடும்ப வழக்கம். எண்ணை எடுக்கிற இயந்திரத்துக்கு 'எர்னி' என்று செல்லப்பெயர் வைத்து, கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டைகூட அனுப்பியிருக்கிறார்கள். அது நகைச்சுவை உணர்வு. எங்கள் அம்மா மாதம் ஒருதரம் போனில் "விழுந்துச்சா?" என்று கேட்டால் அது அறியாமை.

எங்கள் வீட்டுக்கு இது வந்த கதையைப் போன பதிவில் பாதிதான் சொன்னேன். 2007 கடைசியில் அக்கா கைக்குழந்தையோடு இங்கிலாந்திலிருந்து வந்திருந்தாள். அம்மாவுக்கு அந்த வருடம்தான் சேவைக்காலக் காசு கிடைத்திருந்தது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். 22,000 ரூபாய். அன்றைக்குத் தோட்டத்தில் நாட்சம்பளம் எல்லாம் சேர்த்தும் 300 ரூபாயைத் தொடவில்லை. அப்படியென்றால் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். (வெளியூர்க்காரர்களுக்கு: தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வோம்.) எழுபதுக்கு மேல் பேர். மழையில், அட்டைக் கடியில், எழுபது நாள்.

"சங்கிலி வாங்கிப் போடும்மா" என்றுதான் கொடுத்தார். அக்கா சங்கிலி வாங்கவில்லை. பவுண் அன்றைக்கு 220 ரூபாய் அளவில் இருந்தது, 22,000 என்றால் சரியாக 100 பவுண். பிரீமியம் பொண்டுக்கு அந்தக் காலத்தில் குறைந்தபட்சத் தொகையும் 100 பவுண்தான். மகளின் பெயரில் போட்டுவிட்டு, வந்த பத்திரத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினாள்.

அந்தக் கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. நான்காக மடித்த இடங்களில் கடதாசி வெளுத்து, நடுவில் சின்ன ஓட்டை விழுந்துவிட்டது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று அச்சடித்திருக்கிறது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் இலக்கம் தெரியும். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எழுதுவதைத் தலைகீழாகப் பார்த்தே படித்த இலக்கம். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நடுவுல எழுத்து வருதே பாப்பா, எழுத்து வந்தா அது எப்பிடி நம்பராகும்?" என்று கேட்டார். எழுத்தும் சேர்ந்ததுதான் அந்த எண் என்று விளக்கினேன். நம்பவில்லை. கொழுந்துக் கறை ஏறிய விரல் ரேகை ஒன்று அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பிறகு கொப்பியைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். அதே டின்னில்தான் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு எடுத்த சத்தியக்கடதாசி இருந்தது. 'நான் இந்த நாட்டு ஆள்' என்று காட்டுவதற்கு அவர்களிடம் இருந்த ஒரே கடதாசி அது. எங்கள் அம்மா எந்தக் கடதாசியை எங்கே வைப்பார் என்பது அந்தத் தம்பிக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து மாத முதல் வாரம் அக்கா போன் எடுப்பாள். அம்மா பேத்தி சுகம் கேட்பதற்கு முன் கேட்பது, "விழுந்துச்சா?" அக்கா "விழல" என்பாள். "சரி, அடுத்த மாசம்." பிறகுதான் மற்றப் பேச்சு. சில மாதம் அக்காவுக்கு அழைக்க நேரமில்லாமல் போனாலும் இந்தக் கேள்விக்காகவே அழைத்தாள். அதன் விலை என்ன, தம்பி? உங்கள் எக்செல் தாளில் அதற்கு ஒரு நிரல் இருக்கிறதா?

ஒரு தடவை விழுந்தது. 2014இல், 25 பவுண். அக்கா அந்தக் காசை அப்படியே அம்மாவுக்கு அனுப்பினாள், ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் வந்தது. அம்மா சந்தோஷத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று, "எம் பேத்திக்கு லண்டன்ல இருபத்தஞ்சு பவுண் விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பவுண் என்றால் என்ன அர்த்தம்? தங்கம். எட்டு கிராம். பொழுது சாய்வதற்குள் இருபத்தைந்து பவுண் நகை என்று மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்) செய்தி போய்விட்டது. இரவு ஏழு மணிக்குத் தொங்கல் வீட்டு மாமா வந்து, மகள் கல்யாணத்துக்கு இரண்டு பவுண் மட்டும் இரவல் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அம்மா சிரித்துச் சிரித்து அழுதுவிட்டார். அந்த ஐயாயிரத்தில் கோயிலில் ஒரு அர்ச்சனை, லயத்துக்கெல்லாம் வடையும் தேத்தண்ணியும், மிச்சத்தில் ஒரு ஃபிளாஸ்க். அந்த ஃபிளாஸ்க்கில்தான் நான் இப்போதும் ஸ்கூலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறேன்.

சரி, இனி கமெண்டுகளுக்கு வருகிறேன். "டீச்சர், அதே 22,000ஐ இங்கே நிலையான வைப்பில் போட்டிருந்தால்?" என்று குறைந்தது பதினைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். நானே போட்டுவிட்டேன், சிரமப்பட வேண்டாம். வருடம் 10 வீதம் என்று வைத்தால், பதினெட்டு வருடக் கூட்டுவட்டியில் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் வரும். பொண்ட் இன்றைக்கும் அதே 100 பவுண், பவுண் 400 ரூபாய்க்கு மேல் போனதால் நாற்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் நம் ரூபாய் விழுந்ததால் வந்த கூடுதல்தானே தவிர குலுக்கலின் புண்ணியம் இல்லை. பவுணுக்கும் அங்கே 2007இல் இருந்த பெறுமதி இன்றைக்கு இல்லை. ஒரு எண்ணுக்கு ஒரு மாதத்தில் பரிசு விழுகிற வாய்ப்பு இருபதாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. நூறு எண்ணுக்குப் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவை விழுந்ததே கணக்குப்படி சரிதான். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். கணக்கில் நான் தோற்றேன். போதுமா?

இனி நான் கேட்கிறேன். அந்த வைப்பு பதினெட்டு வருடம் இருந்திருக்குமா? எங்கள் வீட்டில்? என் கூடப்பிறந்த தம்பி கல்யாணத்துக்கு உடைத்திருப்போம். இல்லை, கூரைத் தகரம் பறந்த வருடம். இல்லை, அப்பாவை நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் மாறி மாறிக் கொண்டுபோன வருடம். அம்மாவின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு போன வழி எனக்குத் தெரியும், கடைசி ரூபாய் வரை சொல்வேன். லண்டன் சீட்டு மட்டும் இருக்கிறது. ஏன் இருக்கிறது? அது பேத்தியின் பெயரில், கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, அதோடு "அடுத்த மாதம் விழுந்தாலும் விழும்" என்ற நினைப்பு வேறு. எடுக்க மனம் வராத காசுதான் எங்கள் வீட்டில் மிஞ்சும்.

2022ஐயும் மறந்துவிட்டீர்கள். அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. நிலையான வைப்புப் போட்ட புத்திசாலிகளும் நாங்களும் ஒன்றாகத்தான் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். வரிசையில் நிற்கும்போது யாரும் கூட்டுவட்டி சொல்லித் தர வரவில்லை.

"சரி டீச்சர், ஆனா தோட்டத்து ஆட்களுக்கு இப்படி ஆசை காட்டுவது சரியா?" என்று ஒருவர் இன்பொக்ஸில் மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். இதுதான் எனக்கு வலித்தது. ஆசை காட்டினேனா? லண்டன் பொண்டை இங்கே யாரும் வாங்கப் போவதில்லை, வாங்கச் சொல்லவும் இல்லை. ஒரு நினைவை எழுதினேன். அதற்கே எங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. நுண்கடன்காரன் வாரா வாரம் லயத்து வாசலில் வந்து குந்தியிருந்து, தவணை கட்டாத பொம்பிளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டானே, அந்த வட்டியை யார் திரையில் போட்டுக் காட்டினீர்கள்? எங்கள் பெண்கள் மாதச் சீட்டுப் பிடித்து, தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்து, பிள்ளைகளைக் கெம்பசுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்லித் தருவதற்கு மட்டும் கொழும்பிலிருந்து வாகனம் வருகிறது, பகல் சாப்பாட்டுப் பார்சலோடு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள், இருக்கலாம். அவருடைய வகுப்பில் நல்ல விஷயங்களும் இருந்ததாம். எனக்கு அவர் மன்னிப்பும் வேண்டாம். அந்தப் படத்தை அடுத்த ஊரில் போடாமல் இருந்தால் போதும். போட்டே ஆக வேண்டுமென்றால் 'முதல் அப்படியே இருக்கிறது' என்ற வரியையும் சேர்த்துப் போடுங்கள்.

அம்மா 2019இல் போய்விட்டார். அக்கா இன்னும் மாத முதல் வாரம் எனக்கு அழைக்கிறாள். "விழல" என்பாள், "சரி" என்பேன். அம்மா கேட்ட கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் கேட்பதில்லை, பதிலை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

அக்கா மகளுக்கு இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. கணக்கு அவள் கையில். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "சித்தி, அம்மாயியோட பொண்டை எடுத்துரவா? லெப்டொப் ஒண்ணு வாங்கணும், கொஞ்சம் குறையுது."

அவள் காசு. அவள் படிப்புக்குத்தான் கேட்கிறாள். நான் மேலே எழுதியதையெல்லாம் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, இப்போதுதான் பதில் போட்டேன்: "இந்த ஒரு மாசம் பொறு, பார்த்துட்டுச் சொல்றேன்."