புள்ளி விழாத கேமரா

(தக்கலையில் ஒரு ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த கடைசி ஆளும் போயாயிற்று. குலசேகரத்தில் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் அண்ணாச்சி, கக்கத்தில் லேப்டாப்போடு உள்ளே வருகிறார். கேமரா வாங்க வருகிறவருக்கு லேப்டாப் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் கேமரா வாங்கக் கிளம்பவில்லை என்று அர்த்தம்.)

அண்ணாச்சி: மக்கா, நீ விற்கப் போகிறேன் என்று சொன்ன கேமரா இருக்கிறதா?

தம்பி: உங்களுக்காகவே வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. 24 மெகாபிக்சல். வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சார் ஏபிஎஸ்-சி, நடுத்தர அளவு. நாலு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

(அந்த நாலு பேரும் பிறக்கவே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.)

அண்ணாச்சி: இருட்டில் படம் வெளிச்சமாகத் தெரிய ஐஎஸ்ஓவைக் கூட்டி 12,800 வைத்தால் நாய்ஸ் வருமா? அதான், அந்தப் புள்ளிப் புள்ளியாக வருவது.

தம்பி: வரும்.

அண்ணாச்சி: அப்போ வேண்டாம்.

தம்பி: உட்காருங்கள். எல்லாக் கேமராவிலும் வரும்.

அண்ணாச்சி: ஃபுல் ஃப்ரேம் என்று பெரிய சென்சார் வைத்த கேமராவில் வராது என்று மருமகன் சொன்னான். அவன் துபாயிலாக்கும் இருக்கிறான்.

தம்பி: அங்கே அடிக்கிற வெயிலுக்கு எந்தக் கேமராவிலும் வராது. சரி, நீங்கள் என்ன எடுக்கப் போகிறீர்கள்?

அண்ணாச்சி: பங்குனியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழா. ராத்திரி வில்லுப்பாட்டு. போன வருஷம் ஒருத்தரிடம் கேமரா இரவல் வாங்கி எடுத்தேன். இதைப் பார். (லேப்டாப்பைத் திறந்து பெரிதாக்குகிறார், இன்னும் பெரிதாக்குகிறார்.) என் மச்சான் தாடையைப் பார். எவ்வளவு புள்ளி!

தம்பி: அண்ணாச்சி, அது நாய்ஸ் இல்லை. நரை.

அண்ணாச்சி: நரையா?

தம்பி: மூன்று நாள் சவரம் பண்ணாத நரை. நாய்ஸ் இதோ, பின்னால் பந்தல் இருட்டில் கிடக்கிறது.

அண்ணாச்சி: அட! இத்தனை நாள் மச்சானைக் கேமரா கெடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

தம்பி: கேமரா மேல் பாவம் இல்லை. இருட்டில் வருகிற வெளிச்சம் குறைவு, அதாக்கும் விஷயம். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டை இருக்கிறதே, அதில் தூறல் விழுந்தால்?

அண்ணாச்சி: பால் போச்சு.

தம்பி: பாலை விடுங்கள். காலிச் சிரட்டை. தூறல் ஒரு நிமிஷம் போட்டு நின்றுவிட்டது. அடுத்தடுத்த மரத்துச் சிரட்டைகளில் துளி ஒரே கணக்காக இருக்குமா?

அண்ணாச்சி: எப்படி இருக்கும்? ஒன்றில் ஏழு, ஒன்றில் பன்னிரண்டு.

தம்பி: வெளிச்சமும் அப்படித் துளித்துளியாகத்தான் சென்சாரில் விழுகிறது. 24 மெகாபிக்சல் என்றால் 2 கோடியே 40 லட்சம் சிரட்டை.

அண்ணாச்சி: 2 கோடியே 40 லட்சமா! அத்தனைக்கும் வெட்டுக்கூலி?

தம்பி: கூலி கிடையாது. 100 துளி விழ வேண்டிய சிரட்டையில் சுமார் 10 கூடும், குறையும். அதாவது பத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம். அதுதான் உங்கள் புள்ளி. 10,000 துளி விழுந்தால் 100 தான் கூடும், குறையும். நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது.

அண்ணாச்சி: அப்போ ஐஎஸ்ஓ?

தம்பி: அது மழையைப் பெய்ய வைக்காது. விழுந்ததைப் பெருக்கிக் காட்டும், ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து.

அண்ணாச்சி: சரி, நான் ஒரு வழி சொல்கிறேன். ஐஎஸ்ஓவை 100-லேயே வைத்து எடுக்கிறேன். படம் கறுப்பாக வரும். வரட்டும். அப்புறம் லேப்டாப்பில் வெளுப்பாக்கிக் கொள்கிறேன்.

தம்பி: விழுந்த துளி அதே துளிதானே? லேப்டாப்பில் பெருக்கினாலும் புள்ளி அப்படியே வரும். சில கேமராவில் இன்னும் மோசமாக வரும். 

(அண்ணாச்சியின் முகம் வாடுகிறது. இந்த ஒரு யோசனையை அவர் குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே கட்டிக்கொண்டு வந்தார்.)

அண்ணாச்சி: இருக்கட்டும். கடையில் சின்னதாக ஒன்று காட்டினார்கள். நிலாவில் இருக்கிற குழிவரைக்கும் ஜூம் போகிறது. சென்சார் 1/2.3 அங்குலம். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதானே?

தம்பி: கணக்குப் போட்டால் 11 மில்லிமீட்டர் வருகிறது. பிரித்து அளந்தால் அகலம் 6 சொச்சம்தான்.

அண்ணாச்சி: மீதி எங்கே?

தம்பி: அந்தக் காலத்து டிவி கேமராவுக்குள் கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து அளந்த பழக்கம். குழாய் போய்விட்டது, அளவு போகவில்லை.

அண்ணாச்சி: ரப்பர் ஷீட்டில் இப்படி எடை போட்டால் குலசேகரத்தில் கடை நடத்த முடியுமா?

தம்பி: ஃபுல் ஃப்ரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் இந்தச் சின்னதைப் போல 30 மடங்கு. நான் தருவது அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 

அண்ணாச்சி: அப்போ 30 மடங்கையே வாங்கிவிடுகிறேன்.

தம்பி: வாங்கலாம். லென்ஸும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா?

அண்ணாச்சி: (குரலைத் தாழ்த்தி) உன்னுடையதைப் பற்றிச் சொல்லு.

தம்பி: இதோடு 50 எம்எம் 1.8 லென்ஸ் ஒன்று தருகிறேன். 1.8 என்பது லென்ஸ் வாய் திறக்கிற கணக்கு, எண் சிறியதானால் வாய் பெரிது. கூடவே வருகிற ஜூம் லென்ஸ், இழுத்துப் பிடித்தால் 5.6 தான் திறக்கும். இது அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் விடும். 12,800 வைக்க வேண்டிய இடத்தில் 1,600 கூட வேண்டாம். நாய்ஸைக் குறைக்க மலிவான வழி இதுதான். லென்ஸை விட்டுவிட்டுக் கேமரா பாடியை மட்டும் மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள்.

அண்ணாச்சி: பத்மநாபபுரம் அரண்மனைக்குள் இருட்டாக இருக்குமே, அங்கே?

தம்பி: தூண் நகராது. தோளைச் சுவரில் சாய்த்து, மூச்சைப் பிடித்து, ஷட்டரை மெதுவாக விடுங்கள். குமரி முனையில் வள்ளுவர் 133 அடிக்கு நிற்கிறார். கரையில் ஸ்டாண்டு போட்டு ஐஎஸ்ஓ 100-ல் ஐந்து செகண்ட் திறந்து வைத்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். வில்லடிக்கிற புலவர் அப்படி இல்லை. வீசுகோல் பறக்கும். ஒரு செகண்டில் 250-ல் ஒரு பங்குக்குள் ஷட்டர் மூட வேண்டும்.

அண்ணாச்சி: மெதுவாக அடிக்கச் சொன்னால்?

தம்பி: அம்மன் வரமாட்டாள்.

அண்ணாச்சி: அதுவும் சரிதான். கேமராவே புள்ளியைத் துடைத்துவிடும் என்கிறார்களே?

தம்பி: துடைக்கும். ஜேபெக்கில் எடுத்தால் அதுவாகவே துடைக்கும். கூடவே பட்டுச்சேலை நெசவையும் துடைக்கும், புருவத்தையும் துடைக்கும். இதோ, உங்கள் மச்சான் படத்தில் செய்து காட்டுகிறேன்.

(செய்கிறார். இருவரும் சற்று நேரம் பார்க்கிறார்கள்.)

அண்ணாச்சி: சகிக்கவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் பார்த்த மாதிரி இருக்கிறது. பழையபடி வை.

தம்பி: இன்னொன்று. நீங்கள் இப்படி 100 சதவீதத்தில் பார்ப்பது, ஐந்தடி அகலப் படத்தை மூக்கு முட்டப் பார்ப்பது. ஆல்பத்தில் 12-க்கு 8 அங்குலம் போட்டால் பாதிப் புள்ளி தெரியாது. போன வருஷப் படத்தை யாராவது குறை சொன்னார்களா?

அண்ணாச்சி: மச்சான் மட்டும் சொன்னான், கண்ணை மூடியிருக்கும்போது எடுத்துவிட்டேன் என்று.

தம்பி: பாருங்கள்!

அண்ணாச்சி: அப்போ வெளிச்சம்தான் எல்லாம் என்கிறாய்.

தம்பி: வெளிச்சமாக்கும் எல்லாம்.

அண்ணாச்சி: எங்கள் வில்லு மேடையில் ஒரே ஒரு டியூப் லைட். நாலு எல்இடி போகஸ் நிறுத்தினால்?

தம்பி: (உற்சாகம் பொங்க) பகல் மாதிரி இருக்கும் அண்ணாச்சி! புள்ளியைத் தேடினாலும் கிடைக்காது.

அண்ணாச்சி: என் போனில் எடுத்தால்?

தம்பி: போனில் எடுத்தால் கூட... 

(நாக்கைக் கடிக்கிறார். கொஞ்சம் தாமதம்.)

அண்ணாச்சி: சொல்லு மக்கா, சொல்லு.

தம்பி: இல்லை, தூரத்தில் நின்று போனில் ஜூம் பண்ணினால் படம் கெட்டுவிடும். அதற்காவது...

அண்ணாச்சி: நான் ஏன் தூரத்தில் நிற்க வேண்டும்? இந்த வருஷம் கொடைக் கமிட்டிப் பொருளாளர் நானாக்கும். குடம் அடிக்கிறவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். அது கிடக்கட்டும், அந்த மூலையில் ஸ்டாண்டில் நிற்கிறதே நாலு, அது எல்இடிதானே?

தம்பி: அது கல்யாண வேலைக்கு வாங்கியது. வாடகை ஒரு நாளைக்கு...

அண்ணாச்சி: அம்மன் காரியத்துக்கா வாடகை கேட்கிறாய்? (லேப்டாப் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறக்கிறார்.) மேடை விளக்கு உபயம். உன் பேரில் எழுதட்டுமா, ஸ்டுடியோ பேரில் எழுதட்டுமா? ஸ்டுடியோ பேர் என்றால் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டுவிடலாம்.