பெரிங் பார்க்காத கரை

1728 ஆகஸ்ட் 8. சைபீரியாவின் கிழக்கு ஓரத்தில் ஒரு ரஷ்யக் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. கரையிலிருந்து தோல்படகில் அந்தக் கரையின் பூர்வகுடிகளான சுக்சி ஆட்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். கிட்டே வரத் தயக்கம். அதில் ஒருவர் மட்டும் காற்றடைத்த சீல் தோலைப் பற்றிக்கொண்டு, எலும்பை நடுக்கும் அந்தத் தண்ணீரில் நீந்தியே கப்பலுக்கு வந்துவிடுகிறார். அந்தப் பக்கம் ஒரு தீவு உண்டு என்று சொன்னதே அவர்கள்தான். இரண்டே நாளில் தீவு தென்பட்டது. அன்று புனித லாரன்சின் திருநாள், அதனால் தீவுக்கும் அந்தப் பெயர். நீந்தி வந்தவரின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

அந்தக் கப்பலின் கேப்டன்தான் விட்டஸ் பெரிங், ரஷ்யக் கடற்படையில் இருந்த டென்மார்க்காரர். 67 டிகிரி வடக்கு வரை போனார். இன்னும் போகலாம் என்றார் உடனிருந்த துணை அதிகாரி சிரிகோவ். பனிக்கட்டியில் சிக்கிவிடுவோம் என்று பெரிங் திரும்பிவிட்டார். ஆசியாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் அந்த நீரிணை, இன்றைய பெரிங் நீரிணை, அதன் குறுகலான இடத்தின் அகலம் சுமார் 85 கிலோமீட்டர்தான். ஆனால் போகும்போதும் வரும்போதும் அமெரிக்கக் கரை அவர் கண்ணில் படவே இல்லை. அவ்வளவு மூடுபனி.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. 1741-இல் இன்னொரு பயணத்தில், ஆளில்லாத ஒரு தீவில் நோயுற்று இறந்துபோன மனிதர் அவர். நீரிணைக்குத் தன் பெயரை அவர் வைத்துக்கொள்ளவும் இல்லை. 1778-இல் அவ்வழியே போன ஜேம்ஸ் குக் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார், அது நிலைத்துவிட்டது. 'பெரிங் கண்டுபிடித்தார்' என்று ஒரே வரியில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவருக்கு 80 ஆண்டுகள் முன்பே, 1648-இல், செம்யோன் தெஷ்னியோவ் என்ற கோசாக் (ரஷ்ய எல்லைப்புற வீரர்) சைபீரியாவின் கொலிமா ஆற்று முகத்திலிருந்து கிளம்பி ஆசியாவின் கிழக்கு முனையைச் சுற்றி வந்துவிட்டார். கூடப் போன படகுகளில் பெரும்பாலானவை திரும்பவே இல்லை. அப்புறம் வால்ரஸ் தந்தம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில், தன் பக்க நியாயத்துக்காக அவர் அனுப்பிய கடிதங்களில் இந்தப் பயணமும் வருகிறது. உதட்டைத் துளைத்துத் தந்தத் துண்டு செருகிய தீவுவாசிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்தக் காகிதங்கள் யாகுத்ஸ்க் ஆவணக் கட்டுகளில் தூங்கின. 1736-இல் மில்லர் என்ற வரலாற்றாசிரியர் எடுத்துப் பார்க்கும்வரை வெளியுலகுக்குத் தெரியாது. 1898-இல்தான் அந்த முனைக்கு தெஷ்னியோவ் பெயர் வந்தது.

சரி, அந்தத் தீவுவாசிகளுக்கு என்ன கிடைத்தது? நீரிணையின் நடுவே இருக்கும் இரட்டைத் தீவுகளுக்கும் அதே கதைதான். புனித டையோமீடின் நாளில் பெரிங் பார்த்தார், டையோமீட் ஆகிவிட்டன. அப்பகுதிப் பூர்வகுடிகளான இனுபியாட் மக்களுக்கு அவை இமாக்லிக், இங்காலிக். இரண்டுக்கும் நடுவே 4 கிலோமீட்டர்கூட இல்லை, உறவுக்காரர்கள் படகில் போய்வந்த தூரம். 1948-இல் அவற்றுக்கு நடுவே ஓடும் சோவியத்-அமெரிக்க எல்லையை மூடினார்கள். ரஷ்யப் பக்கம் இருந்த இமாக்லிக் மக்களை சோவியத் அரசு பெருநிலத்துக்குக் குடிபெயர்த்தது. அலாஸ்காவின் பாரோ ஊர்க்காரர்கள் 2016-இல் வாக்களித்து உத்கியாக்விக் என்ற தங்கள் பழைய பெயரை மீட்டுக்கொண்டார்கள். இமாக்லிக்கில் வாக்களிக்க ஊரே இல்லை.

புவியியல் நடத்தும் ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்த நீரிணையைக் கரும்பலகையில் வரையும்போது நடுவில் இரண்டு புள்ளி வையுங்கள், பக்கத்தில் இமாக்லிக், இங்காலிக் என்றும் எழுதுங்கள்.