டோரேமான் இன்னும் கற்றுக்கொள்ளாத பாடம்

என் மகனுக்கு ஒன்பது வயது. கடந்த நான்கு ஆண்டுகளாகப் பெரும்பாலான மாலைகளில் அவனோடு உட்கார்ந்து நானும் டோரேமான் என்ற ஜப்பானியக் கார்ட்டூனைப் பார்த்துவருகிறேன். அதில் வரும் பள்ளிச் சிறுவன் நோபிதாவைப் பற்றிப் பெற்றோர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகளையெல்லாம் தொடக்கத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். படிக்க மாட்டான், காலையில் எழ மாட்டான், தேர்வில் பூஜ்யம் வாங்குவான், அடிபட்டால் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவருவான், இவனைப் பார்த்தால் நம் பிள்ளையும் கெட்டுப்போவான் என்பதுதான் என் கவலையாக இருந்தது. இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. அந்தக் கதையில் பாடம் கற்க வேண்டியவர்களின் வரிசையில் நோபிதா கடைசியில்தான் நிற்கிறான் என்றும், முதலில் நிற்க வேண்டியவர் நாம் எல்லோரும் நேசிக்கும் அந்த நீல நிற ரோபோப் பூனை டோரேமான்தான் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

டோரேமான் ஏன் அந்த வீட்டுக்கு வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நோபிதா வளர்ந்து, வேலை கிடைக்காமல் சொந்தமாகத் தொழில் தொடங்கி, அது தீப்பிடித்து எரிந்து, கடனில் மூழ்குகிறான். அந்தக் கடன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, அவனுடைய பேரனின் பேரனான செவாஷிக்குப் புத்தாண்டு அன்பளிப்பாக வெறும் 50 யென் மட்டுமே கிடைக்கும் நிலைக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்து விடுகிறது. அதனால்தான் செவாஷி, மூதாதையை வளர்த்து ஆளாக்குவதற்காக, 22ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு ரோபோவை மேசை இழுப்பறை வழியாக அனுப்புகிறான். அதாவது, நோபிதா சொந்தக் காலில் நிற்கும்படி செய்வதே டோரேமானுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே பணி. ஆனால் அன்றாடம் நடப்பது என்ன? அவன் அழுதுகொண்டே மாடிப்படி ஏறி வருகிறான், டோரேமான் முதலில் கண்டிக்கிறது, அவன் இன்னும் கொஞ்சம் அழுகிறான், உடனே எதிர்காலக் கருவிகள் நிறைந்த, வயிற்றிலிருக்கும் பைக்குள் கை போகிறது. இந்த நான்கு அசைவுகளும் ஒரு சடங்கைப் போல ஒவ்வொரு கதையிலும் நிகழ்கின்றன.

அந்தப் பையிலிருந்து வரும் மனப்பாட ரொட்டியை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தின் பக்கத்தில் ரொட்டித் துண்டை அழுத்தினால் எழுத்துகள் அதில் பதிந்துவிடும், அதைத் தின்றால் பக்கம் முழுவதும் மனத்தில் நிற்கும். தேர்வுக்குப் பயந்த நோபிதா துண்டு துண்டாக விழுங்குகிறான். வயிறு தாங்கவில்லை, வயிற்றுப்போக்கு வந்து, தின்ற ரொட்டியோடு படித்ததும் வெளியேறிவிடுகிறது. சிறுவர்கள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என் மகனும் சிரித்தான். எனக்கு அது மிகக் கூர்மையான ஒரு காட்சியாகப் பட்டது. அந்தப் பக்கங்களை ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம் என்று டோரேமான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், பத்தில் மூன்று கேள்விகளுக்காவது அவன் தானாக விடை எழுதியிருப்பான். பூஜ்யம் வாங்கும் பிள்ளைக்கு மூன்று என்பது பெரிய மதிப்பெண்.

டோரேமானை நான் கடிந்துகொள்வது வெறுப்பினால் அல்ல. அதன் இளகிய மனத்துக்குக் காரணம் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே பழுதுபட்டு, மற்ற ரோபோக்களுக்கு இணையாகப் படிக்க முடியாமல் திணறி, பின்னர் காதுகளை எலியிடம் பறிகொடுத்து அழுதே நீலமாகிப்போனது அது. உதவாதவன் என்று ஒருவனை ஊர் சொல்லும்போது உள்ளே என்ன வலிக்கும் என்பதை அறிந்த ஒரு ஜீவனால் நோபிதாவின் கண்ணீருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. பெற்றோர்களாகிய நம்மில் பலரும் இப்படித்தான் இருக்கிறோம். நாம் பட்டதைப் பிள்ளை படக் கூடாது என்று தொடங்கி, பிள்ளை தானாகப் பட்டுக் கற்க வேண்டியதையும் சேர்த்தே அவர்களிடமிருந்து வாங்கிவிடுகிறோம்.

இதை நான் ஊகமாக எழுதவில்லை. சென்ற ஆண்டு என் மகனின் பள்ளியில் மழைநீர் சேகரிப்புக்கு ஒரு மாதிரி செய்துவரச் சொன்னார்கள். அவன் தெர்மாக்கோலை வெட்டி, இரண்டு சுவர்களை ஒட்டி வைத்திருந்தான். சுவர்கள் கோணலாக இருந்தன, கூரை நிற்கவில்லை, குழாய்க்காக அவன் எடுத்து வைத்திருந்த உறிஞ்சுகுழல் பசையில் நனைந்து வளைந்திருந்தது. அவன் தூங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு, நான் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போட்டு முழுவதையும் புதிதாகச் செய்தேன். சுவர்கள் நேராக நின்றன, கூரையில் சிவப்பு வண்ணம் கூடப் பூசினேன். காலையில் அதைக் கண்டு அவன் துள்ளுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னோடது எங்கப்பா?" என்று கேட்டான். அது குப்பைத் தொட்டியில் கிடந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. அன்றிலிருந்துதான் டோரேமானின் கை பைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

நோபிதாவின் அம்மா தமாகோவுக்கும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. அவர் மகனைக் கண்டிக்கிறார், வீட்டுப்பாடத்தை முடி என்று தினமும் குரல் கொடுக்கிறார், ஒளித்து வைத்த பூஜ்ய மதிப்பெண் தாள்களைக் கண்டுபிடித்து மணிக்கணக்கில் உட்காரவைத்துத் திட்டுகிறார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவனுக்கு எந்தக் கணக்கு புரியவில்லை, எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறான் என்று அவர் கேட்டு நான் பார்த்த நினைவில்லை. நோபிதா 0.93 விநாடியில் தூங்கிவிடக்கூடியவன் என்பதை எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறோம். அவன் குறி தவறாமல் சுடக்கூடியவன் என்பதையும், விரல்களில் நூலைச் சுற்றி வடிவங்கள் அமைக்கும் விளையாட்டில் யாருமே செய்யாத புதிய வடிவங்களைத் தானாகக் கண்டுபிடிப்பவன் என்பதையும் எத்தனை பேர் ஒரு திறமையாக எண்ணிப் பேசுகிறோம்? நுட்பமான கையும் கூர்ந்த கண்ணும் உள்ள ஒரு பிள்ளை அந்த வீட்டில் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது.

நோபிதாவை அடித்து மிரட்டும் முரட்டுத் தோழன் ஜியான் கற்க வேண்டியது என்ன என்பதை எல்லோரும் எளிதில் சொல்லிவிடுவார்கள். பிறர் பொருளைப் பறிக்கக் கூடாது, தன் பாட்டைக் கேட்கச் சொல்லி மிரட்டக் கூடாது என்பார்கள். அவை சிறியவை என்பது என் கருத்து. டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பிப் போய்விட்ட நாள்களில், ஏப்ரல் முதல் தேதியன்று, டோரேமானைப் பார்த்தேன் என்று ஜியான் நோபிதாவிடம் ஒரு பொய் சொல்கிறான். நண்பன் திரும்பிவிட்டான் என்று நம்பி நோபிதா பூரித்துப்போகிறான். அடியின் வலி மாலைக்குள் ஆறிவிடும். ஒருவன் இழந்த உறவை வைத்து அவனிடம் விளையாடுவது எத்தகைய காயம் என்பதைத்தான் ஜியான் முதலில் உணர வேண்டும். பெரிய சாகசங்களில் நண்பனுக்காக உயிரையே பணயம் வைக்கத் துணியும் அதே ஜியான்தான் இவன் என்பதால் என் வருத்தம் இன்னும் கூடுகிறது. பணக்கார வீட்டுத் தோழன் சுனியோவைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. தன்னிடம் உள்ளதைக் காட்டி மூன்று பேருக்கு மட்டுமே இடம் என்று சொல்லி நான்காமவனை ஒதுக்கும் பழக்கத்தை அவன் விட்டால் போதும்.

நோபிதாவிடமும் நான் மன்னிக்க முடியாத ஒன்று உண்டு, அதில் கதையை உருவாக்குபவர்களுக்கும் பங்கு உண்டு. நினைத்த இடத்துக்குத் திறக்கும் டோரேமானின் அந்தக் கதவு, திரும்பத் திரும்ப நோபிதாவின் தோழி ஷிசுகா குளித்துக்கொண்டிருக்கும் அறைக்குத் திறக்கிறது. அவள் அலறுகிறாள், தண்ணீரை வீசுகிறாள், கதை அதை நகைச்சுவையாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு சிறுமியின் அச்சத்தைச் சிரிப்புக்குரிய பொருளாக்குவதை நான் ஏற்கவில்லை. அந்தக் காட்சி வரும்போது நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, இது தவறு, கதவைத் தட்டாமல் எவருடைய அறைக்குள்ளும் போகக் கூடாது என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அதை அவன் என் வாயிலிருந்து கேட்டதைவிட, நோபிதா ஒருமுறையாவது கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்திருந்தால் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் நோபிதாவை நான் நேசிப்பதற்குக் காரணம் அவனுடைய பாட்டி. சிறு வயதில் அவன் தோட்டத்தில் விழுந்து அழும்போது, பாட்டி ஒரு தருமா பொம்மையைக் காட்டுகிறார். தள்ளிவிட்டால் சாய்ந்து, தானாகவே எழுந்து நிற்கும் பொம்மை அது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் சாயல் அதில் உண்டு. அதன் பெயருக்குரிய போதிதருமரும் தென்னிந்தியாவிலிருந்து சீனா சென்றவர் என்பதே நீண்டகால மரபு. எத்தனை முறை விழுந்தாலும் இந்தப் பொம்மையைப் போல நீயாகவே எழ வேண்டும், பாட்டியால் எப்போதும் உன்னோடு இருக்க முடியாது என்கிறார் அவர். இதைச் சொன்ன பிறகு பாட்டி நெடுநாள் உயிரோடு இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தச் சின்னப் பொம்மை மீண்டும் கைக்குக் கிடைக்கும்போது, எவரும் சொல்லாமலேயே நோபிதா படிக்க உட்காருகிறான். டோரேமானின் பையில் உள்ள எந்தக் கருவியாலும் முடியாததை ஒரு கிழவியின் இரண்டு வாக்கியங்கள் செய்துவிட்டன.

டோரேமான் விடைபெறும் அந்தப் புகழ்பெற்ற கதையையும் இதனோடு சேர்த்தே நான் பார்க்கிறேன். டோரேமான் மறுநாள் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும். இரவில் நோபிதா ஜியானிடம் மாட்டிக்கொள்கிறான். வழக்கமாக என்றால் டோரேமானைக் கூவி அழைத்திருப்பான். அன்று அழைக்கவில்லை. அடிபட்டு விழுந்து, எழுந்து, மீண்டும் அடிபட்டு, ஜியானின் உடலைப் பற்றிக்கொண்டு விடாமல் தொங்குகிறான். தன் பலத்தில் வெல்லாவிட்டால் டோரேமானால் நிம்மதியாகத் திரும்ப முடியாது என்பது ஒன்றே அவன் நினைப்பு. கடைசியில் களைத்துப்போன ஜியான்தான் தோற்றேன் என்று விட்டுவிட்டுப் போகிறான். வீங்கிய முகத்தோடு உறங்கும் நோபிதாவின் அருகில் டோரேமான் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறது. விடிந்ததும் அது இல்லை. அந்தச் சண்டையில் மட்டும் டோரேமானின் பை மூடியே இருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்த ஓர் இரவில்தான் செவாஷி கேட்டனுப்பிய வேலையும் நடந்தது.

இந்தக் கதை 1974 மார்ச்சில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான இதழில் வெளிவந்தது. அடுத்த மாதமே, நான்காம் வகுப்புக்கான இதழில், டோரேமான் திரும்பி வந்துவிட்டது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. 1969 டிசம்பரில், வெவ்வேறு வயதினருக்கான ஆறு இதழ்களில் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்ட தொடர் என்பதால், படித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு ஏறி ஓர் இதழிலிருந்து அடுத்த இதழுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் வளர்ந்து, வேலைக்குப் போய், தங்கள் பிள்ளைகளுக்கும் அதே கதையை வாங்கிக் கொடுத்தார்கள். நோபிதா மட்டும் அதே வகுப்பில், அதே மேசையில் இருக்கிறான். ஒவ்வொரு வாரமும் புதிய கதை வேண்டும் என்று நாம்தான் கேட்கிறோம், அதற்காக அவன் ஒவ்வொரு வாரமும் கற்றதை மறக்கிறான். அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

2014இல் வந்த திரைப்படத்தில், வளர்ந்த நோபிதா வரும் ஒரு காட்சி என்னை உலுக்கியது. கடந்த காலத்திலிருந்து வந்திருக்கும் சிறுவன் நோபிதா, டோரேமானைப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்கும்போது, டோரேமான் என் சிறுவயது நண்பன் என்று சொல்லி அவன் மெல்ல மறுத்துவிடுகிறான். அவன் குரலில் அன்பு குறையவில்லை. எப்போதோ ஒரு நாள், அந்தப் பை இல்லாமல் வாழ அவன் கற்றிருக்கிறான். அந்த நாளைத்தான் நான் தேடுகிறேன். இந்தத் தொடரைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996இல், பென்சிலைக் கையில் பிடித்தபடியே நினைவிழந்து சில நாள்களில் இறந்துபோனார். டோரேமானுக்கு ஒரு நிரந்தர முடிவை அவர் எழுதி வைக்கவில்லை. அதனால் அந்த நாளை அவரவரே நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டோரேமானின் உயரம் 129.3 சென்டிமீட்டர். அக்காலத்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரி உயரத்தைக் கணக்கிட்டு, நோபிதாவை மேலிருந்து பார்க்காமல் கண்ணுக்கு நேராகப் பார்க்கும்படி அந்த அளவை வைத்தார்கள் என்பார்கள். அந்த உயரத்தில் இருக்கும் நண்பன் ஒருவன், ஏதோ ஒரு மாலையில், நோபிதா அழுதுகொண்டே மாடி ஏறி வந்ததும், பைக்குள் கைவிடாமல் மேசைக்கு அருகில் இன்னொரு தலையணையைப் போட்டு உட்கார்ந்திருப்பான் என்று நான் நினைக்கிறேன். வெளியே இருட்டும் வரை நோபிதா ஒரே கணக்கை அழித்து அழித்துப் போட்டிருப்பான். கீழிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருப்பார். விடை அப்போதும் தவறாகவே வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இருந்த எழுத்து முழுவதும் அவனுடையதாக இருந்திருக்கும்.