நூலகத்தின் பக்கத்தில் நூல் இருக்க வேண்டும்

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் நூலகத்துக்கு முகநூல் பக்கம் தொடங்கி ஆறு ஆண்டுகள். நேற்று இரவு அதன் முதல் பதிவு வரை போய்ப் பார்த்தேன். குத்துவிளக்கு ஏற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம், ஆகஸ்ட் 12 நூலகர் தின விழா, புத்தகக் கண்காட்சித் திறப்பு. ஒரு புத்தகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் பதிவு ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் பதிவேற்றியவள் நான்தான். விழா நடந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள், அதனால் போட்டேன். ஆனால் நூலகத்தின் பக்கம் என்று பெயர் வைத்துவிட்டு நூலைத் தவிர மற்றதெல்லாம் போட்டிருக்கிறோமே என்று மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்துக்கு நேர்மாறானது எங்கள் வாட்ஸ்அப் எண். 2020 ஊரடங்கில், நூலகம் பூட்டிக் கிடந்தபோது, வேறு வழியில்லாமல் தொடங்கியது. முதல் வாரத்தில் இரவு பத்தே முக்காலுக்கு ஒரு செய்தி வந்தது. "மேடம், கேட்பது தவறென்றால் மன்னித்துவிடுங்கள். கரிம வேதியியலுக்குத் தமிழில் புத்தகம் இருக்கிறதா?"

கேட்டவள் இரண்டாம் ஆண்டு மாணவி. பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். இரண்டு ஆண்டுகளாக நூலகத்துக்கு வந்து போயிருக்கிறாள், நாளிதழ் படித்திருக்கிறாள், என் மேசைக்கு முன்னால் பலமுறை நடந்திருக்கிறாள். ஒரு முறைகூட வாய் திறந்து கேட்டதில்லை. தமிழில் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்தாளாம். அவளைச் சுற்றி நின்றிருக்கக்கூடிய ஆங்கிலவழி மாணவர்களை, அடையாள அட்டை கேட்கும் உதவியாளரை, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னை, எல்லாரையும் தாண்டி வர அவளால் முடியவில்லை. போனில் முடிந்தது.

புத்தகம் எங்களிடம் இருந்தது. 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழில் நூல்கள் வெளியிட்டதே, அந்த வரிசையில் வந்த சில நூல்கள் எங்கள் அடித்தட்டில் தூசியோடு இருக்கின்றன. நூலகம் திறந்ததும் எடுத்துப் பார்த்தேன். தேதிச்சீட்டில் கடைசி முத்திரை 1998. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நூலும் அந்த மாணவியைப் போன்றவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறார்கள், சந்திக்கவில்லை. மறுநாள் அந்த நூலின் உள்ளடக்கப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அவள் தோழிகளுக்கு அனுப்பினாள். அந்த ஆண்டில் அடித்தட்டிலிருந்து பதினோரு நூல்கள் வெளியே போயின.

"ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்" என்று நூலக அறிவியல் படித்த நாங்கள் எல்லோரும் தேர்வில் எழுதியிருக்கிறோம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட, நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் அவை. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். மூன்றாம் விதியை விளக்கும்போதே, வாசகர் தாமாக வந்து தேடட்டும் என்று விட்டுவிடாமல், நூலகம் தன்னிடம் இருப்பதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்கிறார். அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அன்று வண்டி போன வேலையை இன்று போன் செய்ய முடியும். நாம்தான் அதில் பொன்னாடைகளை ஏற்றி அனுப்புகிறோம்.

முகநூல் வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2008இல் சுமார் மூவாயிரம் பழைய புகைப்படங்களை ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளத்தில் போட்டது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன நிகழ்ச்சி என்று மக்களே எழுதினார்கள். நூலகம் அவற்றைச் சரிபார்த்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டது. எங்கள் கல்லூரி ஆண்டுமலர்களில் இருந்த பெயரில்லாக் குழுப்படங்களை நாங்களும் முகநூலில் போட்டிருந்தால், இன்று அறுபதைத் தாண்டிய முன்னாள் மாணவர்கள் வரிசையாகப் பெயர் சொல்லியிருப்பார்கள். மாணவர்கள் இப்போது முகநூலில் அதிகம் இல்லை. அவர்களுடைய பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அவர்களுக்கு வேண்டியதைப் போட வேண்டும். யூடியூப் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நல்ல இடம். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் புத்தகச் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவான, சென்னைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தன் அரங்கில் நடக்கும் உரைகளை அங்கே ஏற்றுகிறது. தரமணிக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கேட்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் எல்லா மாணவர்களையும் ஒரே குழுவில் சேர்த்தேன். இரண்டு மாதத்தில் ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தாள். குழுவில் அவள் எண்ணைப் பார்த்து யாரோ இரவில் செய்தி அனுப்புகிறார்கள். அன்றே குழுவைக் கலைத்தேன். நூலகத்தை நம்பிக் கொடுத்த எண்ணை நானே நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காட்டியிருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது. இப்போது அறிவிப்புகளைச் சேனலில் போடுகிறேன், அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. கேள்விகளைத் தனிச்செய்தியில் வாங்குகிறேன். தவணை கடந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொதுவில் போடும் நண்பர்களுக்கும் சொல்கிறேன்: தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகருக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இன்னொன்று. இந்தத் தளங்கள் எல்லாம் வாடகை வீடு. ஒரு காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் பல, மீபோ என்ற அரட்டைப் பெட்டியைத் தங்கள் இணையதளத்தில் பதித்து, வாசகர்களின் கேள்விகளுக்கு அதில் பதில் சொல்லிவந்தன. 2012இல் கூகுள் மீபோவை வாங்கியது, சேவையை மூடியது. கூகுள் பிளஸ் 2019இல் போனது. நம் நாட்டில் டிக்டாக் 2020 ஜூனில் தடையானது. ஆகவே நான் எழுதும் ஒவ்வொரு நூல் குறிப்பையும், நல்ல பதில் ஒவ்வொன்றையும் நூலகக் கணினியிலும் சேமிக்கிறேன். மாணவியின் பெயரை எடுத்துவிட்டுக் கேள்வியையும் பதிலையும் மட்டும் வைக்கிறேன். அடுத்த ஆண்டு அதே கேள்வி கட்டாயம் வரும். கல்லூரிகளுக்கு மின்னூல்களும் ஆய்விதழ்களும் தரும் என்-லிஸ்ட் சேவையின் கடவுச்சொல் மறந்துபோயிற்று என்பது வாரம் தவறாமல் வருகிறது.

முழுப் புத்தகத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லும் மாணவர்கள் உண்டு. மறுக்கிறேன், கூடவே வழியும் காட்டுகிறேன். அந்தப் பழைய தமிழ்ப் பாடநூல்களில் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இது தெரியாத பேராசிரியர்களும் இருக்கிறார்கள்.

கல்லூரி நிர்வாகங்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. நூலகத்தின் பெயரில் ஒரு போனும் சிம்மும் வாங்கிக்கொடுங்கள். என் சொந்த எண்ணில் ஆறு ஆண்டுகளாக இதை நடத்துகிறேன், நான் ஓய்வுபெற்றால் எண்ணும் என்னோடு வந்துவிடும். கேள்விகளுக்குப் பதில் எழுதும் ஒரு மணி நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிடுங்கள். ஆண்டறிக்கையில் எத்தனை விழா நடத்தினோம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொன்னோம் என்று இன்னொரு கட்டம் போடுங்கள்.

எங்கள் முகநூல் பக்கத்தில் வரும் திங்கள்கிழமை முதல் நாளுக்கு ஒரு நூலின் உள்ளடக்கப் பக்கம் வரும், அலமாரி எண்ணோடு. அடித்தட்டிலிருந்து தொடங்குகிறேன்.