வெளியே அனுப்பியது தண்டனை என்றுதான் நினைத்தேன்

எட்டு வயதுச் சிறுவன். கணக்குப் பாடம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பென்சிலைத் தரையில் உருட்டுவான், பக்கத்தில் இருப்பவளின் நோட்டில் கிறுக்குவான், கண்டித்தால் கத்துவான். ஒவ்வொரு முறையும் அவனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். வாரத்துக்கு இரண்டு முறை வெளியே போனவன், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய தினமும் போகத் தொடங்கினான். தண்டனை பலிக்கவில்லையே என்று வருந்தினேன். நான் கொடுத்துக்கொண்டிருந்தது தண்டனையே அல்ல என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவு அந்தச் செயலை மறுபடியும் வரவழைத்தால் அது வலுவூட்டல். உளவியலாளர் தார்ண்டைக் 1898-இல் கூண்டுப் பூனைகளிடம் கண்டதும், பின்னர் உளவியலாளர் ஸ்கின்னர் 1938-இல் விரிவாக எழுதியதும் இதைத்தான். விளைவைத் தருபவர் என்ன நினைத்துத் தந்தார் என்பதற்கு இதில் இடமே இல்லை. ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்றால் தண்டனை என்று பொருள் கொள்பவர்கள் ஆசிரியர்களிலேயே ஏராளம். அது தவறு. பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுவதுதான் எதிர்மறை வலுவூட்டல். மழையில் குடை விரிக்கிறோம், நனைவது நிற்கிறது, அடுத்த மழையிலும் விரிக்கிறோம். அந்தச் சிறுவனுக்குக் கணக்குப் பாடம் மழை; கத்தல் குடை. அவன் வெளியே போனதும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதி என்னையும் பழக்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு வாரம் எதுவும் செய்யாமல் குறித்து மட்டும் வைத்தேன்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது. கூட்டல், கழித்தல் என்று எண்களை மட்டும் கொடுத்த நாட்களில் ஒரு தொல்லையும் இல்லை. வாக்கியக் கணக்கு வந்த நாட்களில் மட்டுமே எல்லாம் நடந்திருக்கிறது. தனியாக உட்காரவைத்து ஒரு கேள்வியைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டான். அவனுக்குக் கணக்கு வரும். வாசிப்புதான் வரவில்லை. இரண்டு மாதமாக நான் தண்டித்தது அதைத்தான்.

எனவே முதலில் பாடத்தை மாற்றினேன். பத்துக் கேள்விகள் மூன்றாயின. வாக்கியங்களைச் சுருக்கி, பக்கத்தில் படம் வரைந்தேன். முதல் கணக்கை நானே முழுவதும் போட்டுக் காட்டினேன். இரண்டாவதில் கடைசிப் படியை மட்டும் அவனுக்கு விட்டேன். மூன்றாவது முழுக்க அவனுடையது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல என்று வுட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1976-இல் எழுதிய உவமை இதற்கு அப்படியே பொருந்தும். சாரத்தை ஒருநாள் பிரித்தாக வேண்டும் என்பதும் அந்த உவமைக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து, கையில் ஓர் அட்டையைக் கொடுத்தேன். புரியவில்லை என்றால் அதை மேசைமேல் வைத்தால் போதும், நான் வருவேன். கார், டியூராண்ட் என்ற இருவர் 1985-இல் இதை ஆய்வு செய்து காட்டினார்கள். பாடம் கடினமானதால் முரண்டு பிடிக்கும் குழந்தைக்கு உதவி கேட்கச் சொல்லிக்கொடுத்தால் முரண்டு குறைகிறது. தேவைக்குப் பொருந்தாத வேறு சொற்களைச் சொல்லிக்கொடுத்தால் குறைவதில்லை. முதல் சில நாட்கள் அவன் முன்னைவிட அதிகமாகவே கத்தினான். பழைய வழி அடைபடும்போது அப்படித்தான் ஆகும். அங்கே மனம் தளர்ந்து மீண்டும் வெளியே அனுப்பியிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும்.

பாராட்டையும் மாற்றினேன். ‘நல்ல பையன்’ என்பதைவிட, ‘கேள்வியை இரண்டு முறை படித்தாய், எதைக் கழிப்பது என்று நீயே கண்டுபிடித்தாய்’ என்பது அவனுக்குப் பயன்பட்டது. அடுத்த முறை எதைச் செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

பரிசு கொடுத்தால் ஆர்வம் செத்துவிடும் என்று வாதிடுபவர்கள் 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வைக் காட்டுவார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரைவது குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே வரைவதில் விருப்பம் கொண்டிருந்த குழந்தைகள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. படிக்கவே அஞ்சும் குழந்தையிடம் இழப்பதற்கு எந்த ஆர்வம் இருக்கிறது? எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில்: பாடத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், சுவரில் நட்சத்திர அட்டவணையை மாட்டி, நட்சத்திரமே இல்லாத பெயர்களை எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிடுவது. அந்தக் குழந்தைக்கு நட்சத்திரம் பெறும் வழியை யார் கற்பித்தார்கள்?

ஒருவனுக்காக இவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த அட்டையைப் பிறகு வகுப்பு முழுவதற்கும் கொடுத்தேன். முதல் நாளே நான்கு மேசைகள்மேல் அட்டை இருந்தது. அந்த நால்வரும் அதுவரை ஒரு சத்தமும் போடாமல், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்.